பாட்டி எந்த ஊரில் பிறந்தார்? அயர்லாந்து பாஸ்போர்ட் கேட்கும் கேள்வி

1963 ஜூன் மாதம் அமெரிக்க அதிபர் ஜான் எஃப். கென்னடி அயர்லாந்துக்குப் போனபோது நாடே திரண்டு வரவேற்றது. பஞ்ச காலத்தில் அவருடைய கொள்ளுத் தாத்தா விட்டுக் கிளம்பிய டங்கன்ஸ்டவுன் பண்ணை வீட்டுக்குப் போய், அங்கே வாழ்ந்துகொண்டிருந்த உறவுக்காரர்களோடு தேநீர் குடித்தார் கென்னடி. கொள்ளுத் தாத்தா, கொள்ளுப் பாட்டி தலைமுறையில் அவருக்கு எட்டுப் பேர். எட்டுப் பேருமே அயர்லாந்திலிருந்து கப்பலேறியவர்கள். அயர்லாந்து மக்களுக்கு அவர் 'நம்ம வீட்டுப் பிள்ளை'.

அந்த நம்ம வீட்டுப் பிள்ளை, இன்றைய சட்டப்படி 'பூர்வீகத்தின் பெயரால் எனக்கொரு பாஸ்போர்ட்' என்று விண்ணப்பித்தால் கிடைக்காது. காரணம் எளிது. அவருடைய தாத்தாக்கள் இருவரும், பாட்டிகள் இருவரும் பிறந்தது அமெரிக்காவில். ஒரு தலைமுறை தள்ளிப்போய்விட்டது. அவ்வளவுதான். ஜோ பைடன் கதையும் அதேதான். அவருடைய அயர்லாந்து வேர் எள்ளுத் தாத்தா காலத்தில் இருக்கிறது.

ஆனால் லண்டனில் பஸ் ஓட்டும் ஒருவருக்கு, 1950-களில் செவிலியர் வேலைக்காக கார்க் மாவட்டத்திலிருந்து வந்த பாட்டி இருந்தால் போதும். அவர் வாழ்நாளில் ஒருமுறைகூட அயர்லாந்து மண்ணை மிதித்திருக்க வேண்டாம். அந்த நாட்டின் குடியுரிமை அவர் கேட்டு வாங்கிக்கொள்ளக்கூடிய உரிமை.

மூன்று படிகள், ஒரு பதிவேடு

கணக்கு இப்படிப் போகிறது. அப்பா, அம்மா இருவரில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்த அந்நாட்டுக் குடிமகன் என்றால், பிள்ளை உலகத்தின் எந்த மூலையில் பிறந்தாலும் பிறந்த நொடியிலிருந்தே அயர்லாந்துக் குடிமகன்தான். எதையும் பதிவு செய்யத் தேவையில்லை. நேராக பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்கலாம். மான்செஸ்டரில் பிறந்து, காலமெல்லாம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு பயணம் செய்த ஒரு முதியவர், தான் பிறவியிலேயே அயர்லாந்துக் குடிமகனும்கூட என்பதை அறியாமலே இருக்கலாம். அறியாவிட்டாலும் சட்டத்தின் பார்வையில் அவர் குடிமகன்தான்.

அடுத்த படி பேரன், பேத்தி. தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் அயர்லாந்தில் பிறந்திருந்து, பெற்றோர் இருவரும் வெளியே பிறந்திருந்தால் குடியுரிமை தானாக வராது. டப்ளினில் அயர்லாந்து வெளியுறவுத் துறை பராமரிக்கும் 'அயல்நாட்டுப் பிறப்புப் பதிவேட்டில்' பெயரைச் சேர்க்க வேண்டும். பெயர் ஏறிய பிறகுதான் பாஸ்போர்ட் பற்றிய பேச்சே.

இங்கே 'அயர்லாந்து' என்பது முழுத் தீவையும் குறிக்கும். 1921-ல் தீவு இரண்டாகப் பிரிந்து, வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கிவிட்டன. ஆனாலும் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த பாட்டியும் இந்தக் கணக்கில் அயர்லாந்துப் பாட்டியே. பலர் இந்த இடத்தில்தான் 'எங்க பாட்டி பிரிட்டிஷ்காரர் ஆச்சே' என்று தவறாக நினைத்து விலகிவிடுகிறார்கள்.

ஏன் இந்த வாய்ப்பு பெரும்பாலும் பிரிட்டனில் இருப்பவர்களுக்கே பொருந்துகிறது? 1845-ல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள்; அதற்கும் அதிகமானோர் நாட்டைவிட்டு வெளியேறினார்கள். கப்பலேறி அமெரிக்கா போன அந்தத் தலைமுறையின் வாரிசுகளுக்குக் காலம் கடந்துவிட்டது. ஆனால் வெளியேற்றம் அதோடு நிற்கவில்லை. 30 லட்சம்கூட இல்லாத மக்கள்தொகையிலிருந்து 1950-களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் கிளம்பிப் போனார்கள். பெரும்பாலோர் போனது பக்கத்திலிருந்த இங்கிலாந்துக்கு. சாலை போட, கட்டடம் கட்ட, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்க. அவர்களுடைய பேரன் பேத்திகளுக்குத்தான் இன்று கதவு திறந்திருக்கிறது.

அந்தக் கதவை அவர்கள் தட்டத் தொடங்கியது 2016 ஜூன் 23-க்குப் பிறகு. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவது என்று பிரிட்டன் அன்று வாக்களித்தது. பாரிஸில் வேலை பார்க்க, பெர்லினில் படிக்க, ஸ்பெயினில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க இருந்த உரிமை பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்ததும், அலமாரியில் பாட்டியின் காகிதங்களைத் தேட ஆரம்பித்தார்கள். 2022-ல் அயர்லாந்து வழங்கிய பாஸ்போர்ட்டுகள் 10 லட்சத்தைத் தாண்டின. முதல் பாஸ்போர்ட், புதுப்பித்தல் எல்லாம் சேர்ந்த எண்ணிக்கை அது. ஆனால் அப்போது நாட்டின் மக்கள்தொகையே 51 லட்சம்தான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எல்லோரும் விமான நிலைய வரிசைக்காக மட்டும் இதைச் செய்யவில்லை. பிரிட்டிஷ் உளவுத் துறையை வைத்து நாவல்கள் எழுதிப் புகழ்பெற்ற ஜான் லெ காரே, பிரெக்ஸிட்டால் மனம் கசந்துபோனவர். கார்க் மாவட்டத்தில் பிறந்த தன் தாய்வழிப் பாட்டியின் பெயரால் விண்ணப்பித்துக் குடியுரிமை பெற்றார். 2020 டிசம்பரில், 89 வயதில் இறக்கும்போது அவர் அயர்லாந்துக் குடிமகன். இங்கிலாந்தின் உளவாளிகளைப் பற்றி எழுதியவருக்கு இப்படியொரு கடைசி அத்தியாயம்.

ஒரே வீட்டில் அண்ணனுக்கு இல்லை, தங்கைக்கு உண்டு

இந்த விஷயத்தில் மிக முக்கியமானது, மிக அதிகமானோர் கோட்டை விடுவது, ஒரு தேதி.

பதிவேட்டில் பெயர் ஏறும் பேரன், பேத்திக்குக் குடியுரிமை பிறந்த நாளிலிருந்து வருவதில்லை. பெயர் பதிவான நாளிலிருந்துதான் தொடங்குகிறது. 1986-ல் செய்த சட்டத் திருத்தத்திலிருந்து இதுதான் நிலை. கேட்பதற்குச் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். அடுத்த தலைமுறைக்கு வரும்போதுதான் இதன் கனம் தெரியும்.

லிவர்பூலில் ஒரு பெண்; பாட்டி மேயோ மாவட்டத்தில் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். 2015-ல் அவருக்கு ஒரு மகன் பிறக்கிறான். 2018-ல் அவர் பதிவேட்டில் பெயரைச் சேர்க்கிறார். 2020-ல் ஒரு மகள். மகள் பிறக்கும்போது அம்மா அயர்லாந்துக் குடிமகள். எனவே மகளும் அதே பதிவேட்டில் சேரலாம். மகன் பிறந்தபோது அம்மாவுக்கு அந்தக் குடியுரிமை இல்லை. எனவே அவனுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. ஒரே அம்மா, ஒரே அப்பா, ஒரே வீடு. தங்கை நாளை ரோமில் போய் வேலை பார்க்கலாம். அண்ணன் விசாவுக்கு வரிசையில் நிற்க வேண்டும். அவனுக்கு மிச்சமிருப்பது, அயர்லாந்துத் தொடர்பைக் காட்டி அமைச்சரின் விருப்புரிமையில் குடியுரிமை கேட்கும் வழி. அது கிடைத்தாலும் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். உரிமையாகக் கேட்க முடியாது.

இதில் வேதனை என்னவென்றால், அந்த மகன் விஷயத்தில் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மூன்று வருடம் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான். அதனால்தான் இந்தக் குடும்பங்களில் ஒரு பெண் கருவுற்றதும், தொட்டிலுக்கு முன்னால் விண்ணப்பத்தைத் தேடுகிறார்கள். சாதாரண விண்ணப்பங்களுக்கு அவசர சேவை கிடையாது. ஆனால் குழந்தையை எதிர்பார்த்திருக்கும் பெற்றோருக்கு மட்டும், கேட்டுக்கொண்டால் முன்னுரிமை கொடுக்கிறார்கள். துறைக்கும் அந்தத் தேதியின் அருமை தெரியும் போலிருக்கிறது.

பிரிஜெட் எப்படி டீலியா ஆனார்?

விண்ணப்பப் படிவம் ஆன்லைனில் இருக்கிறது. நிரப்ப அரை மணி நேரம்கூட ஆகாது. கூட அனுப்ப வேண்டிய காகிதங்கள்தான் மாதக்கணக்கில் ஆளை அலைய வைக்கும்.

பேரன், அவருடைய அப்பா அல்லது அம்மா, பாட்டி என மூன்று தலைமுறைக்கும் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பெயரும் தேதியும் மட்டும் இருக்கும் சுருக்கச் சான்றிதழ் செல்லாது. பெற்றோர் பெயரோடு கூடிய முழுச் சான்றிதழ்தான் செல்லும். திருமணத்தில் பெயர் மாறிய இடங்களிலெல்லாம் திருமணச் சான்றிதழ். பாட்டி இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ், இருந்தால் அவருடைய அடையாள ஆவணத்தின் சான்றளிக்கப்பட்ட நகல். முகவரிச் சான்றுகள், புகைப்படங்கள் தனி. விண்ணப்பதாரரை நேரில் அறிந்த, ஆனால் உறவினர் அல்லாத டாக்டர், ஆசிரியர், வழக்கறிஞர் போன்ற ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சான்றிதழ்கள் மூலமாகவே தபாலில் டப்ளினுக்குப் போக வேண்டும். வேலை முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அயர்லாந்தில் பிறப்பு, இறப்புப் பதிவு 1864-ல் தொடங்கியது. நூறு வருடத்துக்கு முந்தைய பிறப்புப் பதிவுகளை அரசே இணையத்தில் இலவசமாகப் பார்க்க வைத்திருக்கிறது. பார்த்துத் தேடி எடுத்த பிறகு, விண்ணப்பத்துக்கான முழுச் சான்றிதழைப் பொதுப் பதிவாளர் அலுவலகத்தில் 20 யூரோ கட்டி வாங்கலாம்.

1922-ல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த அரசு ஆவணக் காப்பகம் தீப்பிடித்து, நூற்றாண்டுகளின் காகிதங்கள் ஒரே நாளில் சாம்பலாயின. 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்கள் பெரும்பாலும் அதில் போய்விட்டன. அயர்லாந்துப் பூர்வீகம் தேடுபவர்கள் இன்றும் அந்தத் தீயை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார்கள். நல்லவேளையாக, பிறப்புப் பதிவேடுகள் தப்பித்துவிட்டன. பாட்டிக்காகத் தேடுபவர் பெரும்பாலும் 1900-க்குப் பிறகுதான் தேடப்போகிறார் என்பதால் அவரை அந்தத் தீ சுடாது.

அவரைப் பாடுபடுத்துவது வேறு. பாட்டியின் பெயர்.

வீட்டில் எல்லோரும் டீலியா பாட்டி என்றுதான் சொல்வார்கள். கல்யாணச் சான்றிதழிலும் டீலியா. ஆனால் அயர்லாந்துப் பிறப்புப் பதிவேட்டில் டீலியா என்று யாருமே இல்லை. ஏனென்றால் பதிவானபோது அவர் பிரிஜெட். அந்த நாட்டில் பிரிஜெட் என்ற பெயருக்குச் செல்லப் பெயர்கள் டீலியா, பிரைடி, பிடி. மார்கரெட் பெகி ஆவார். ஹொனோரா நோரா ஆவார். 'குஞ்சம்மா' என்று ஊரே கூப்பிட்ட ஆத்தாவின் ரேஷன் கார்டில் 'மீனாட்சி' என்று பார்த்துத் திகைத்த பேரன்களுக்கு இது புரியும். குடும்பப் பெயரும் நிலையாக இருக்காது. ஐரிஷ் மொழியில் கொல்லரின் மகன் என்று பொருள்படும் மாக் கவன் என்ற பெயர் ஒரு சான்றிதழில் மெகோவன் என்றும், இன்னொன்றில் ஆங்கிலப்படுத்தி ஸ்மித் என்றும் இருக்கலாம்.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். 'பாட்டி குயீன்ஸ்டவுனில் பிறந்தார்' என்று அப்பா சொன்னதை நம்பி வரைபடத்தில் தேடினால் அந்த ஊர் இருக்காது. டைட்டானிக் கப்பல் கடைசியாக நின்று கிளம்பிய துறைமுகம் அது. 1920-ல் 'கோவ்' என்று பெயர் மாறியது. குயீன்ஸ் கவுன்ட்டி இன்று லீஷ்; கிங்ஸ் கவுன்ட்டி இன்று ஆஃபலி. மதராஸைத் தேடி வருபவருக்குச் சென்னை என்று யாராவது சொல்ல வேண்டும் இல்லையா?

தேதிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். குழந்தை பிறந்து குறிப்பிட்ட காலத்துக்குள் பதிவு செய்யாவிட்டால் அபராதம். பதிவாளர் அலுவலகமோ தூரம். அறுவடையெல்லாம் முடித்துவிட்டுப் போன அப்பா, அபராதத்துக்குப் பயந்து பிறந்த தேதியைச் சில வாரங்கள் தள்ளிச் சொல்லிவிடுவார். விளைவு, மாதா கோயிலில் ஞானஸ்நானம் கொடுத்த தேதி முன்னால் இருக்கும். பிறந்த தேதி பின்னால் இருக்கும்! பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டரே பிறந்த தேதி எழுதிய கதைகள் நம்மூரில் எத்தனை? பாட்டி வருடா வருடம் கேக் வெட்டிய தேதியும் சான்றிதழ் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் அதிர்ச்சி அடையத் தேவையில்லை. அவர் பொய் சொல்லவில்லை.

வயதைக் கூட்டிச் சொன்ன காலமும் உண்டு. 1909 ஜனவரியில் 70 வயதானவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை முதியோர் ஓய்வூதியம் வந்தது. 1864-க்கு முன் பிறந்தவர்களுக்குச் சான்றிதழ் ஏது? 1839 ஜனவரி 6-ம் தேதி இரவு அயர்லாந்தைச் சூறையாடிய பெரும் புயல் நினைவிருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்டார்கள். தனுஷ்கோடிப் புயலை வைத்து வயது சொல்லும் நம்மூர்ப் பெரியவர்கள் மாதிரிதான். ஓய்வூதியம் என்றதும் அந்தப் புயல் பலருக்கும் நன்றாகவே நினைவுக்கு வந்ததாகச் சொல்வார்கள். 1901, 1911 கணக்கெடுப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் பத்தே வருடத்தில் பதினைந்து வயது கூடியவர்களைப் பார்க்கலாம். இந்த இரண்டு கணக்கெடுப்புகளும் முழுமையாக இணையத்தில் இருக்கின்றன. பாட்டியின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க அருமையான வழி. ஆனால் விண்ணப்பத்துக்கு அது ஆதாரமாகாது. பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும்.

தத்துப் பிள்ளையும் கால்பந்தும்

பாட்டி வழிக் குடியுரிமையை உலகுக்குப் பிரபலப்படுத்தியது கால்பந்து. 1986-ல் அயர்லாந்து அணிக்குப் பயிற்சியாளராக வந்த ஜாக் சார்ல்டன் இங்கிலாந்துக்காரர். 1966-ல் இங்கிலாந்து உலகக் கோப்பை வென்ற அணியில் ஆடியவர். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஆடிக்கொண்டிருந்தவர்களில் யாருக்கெல்லாம் அயர்லாந்தில் பிறந்த அப்பா அம்மா, தாத்தா பாட்டி இருக்கிறார்கள் என்று தேடித் தேடி அணியில் சேர்த்தார். 1988 ஐரோப்பியக் கோப்பையில் இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்திய கோலை அடித்த ரே ஹௌட்டன் பிறந்தது கிளாஸ்கோவில். 1990 உலகக் கோப்பையில் அணி கால் இறுதி வரை போனது.

அந்த அணியில் ஆடிய டோனி காஸ்கரினோ, அம்மா வழித் தாத்தா மேயோக்காரர் என்ற கணக்கில் 88 ஆட்டங்கள் ஆடினார். பிறகு, அம்மா அந்தத் தாத்தாவின் தத்துப் பிள்ளை என்ற உண்மையை 2000-ல் வெளியான சுயசரிதையில் எழுதினார். 'என் உடம்பில் ஒரு சொட்டு அயர்லாந்து ரத்தம் இல்லை' என்ற குற்ற உணர்ச்சி அவருக்கு. ஆனால் சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை பிள்ளைதான். அவருடைய தகுதியில் எந்தக் குறையும் இல்லை என்று தெளிவானது. இந்தச் சட்டம் ரத்தப் பரிசோதனை செய்வதில்லை. காகிதத்தில் அம்மா யார், அப்பா யார் என்றுதான் பார்க்கிறது.

இத்தனை பேருக்குப் பாட்டி தேடிக்கொடுத்த சார்ல்டனுக்கு அயர்லாந்துப் பாட்டி இல்லை. 1996-ல் அந்த நாடே அவருக்குக் கௌரவக் குடியுரிமை கொடுத்தது.

செலவும் காத்திருப்பும்

பதிவுக்குக் கட்டணம் பெரியவர்களுக்கு 278 யூரோ, 18 வயதுக்குக் கீழே 153 யூரோ. ஆவணங்கள் சரியாக இருந்தால் ஒன்பது மாதம் போல ஆகும். கொரோனா காலத்துக்குப் பிறகு இரண்டு வருடம் வரை இழுத்ததும் உண்டு. ஒரு காகிதம் குறைந்தாலும் கூடுதல் தாமதம்தான். பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு பாஸ்போர்ட்டுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், மறுபடியும் சாட்சிக் கையெழுத்து. பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும் பாஸ்போர்ட் வரும். அட்டையில் யாழ் சின்னம். பாஸ்போர்ட் காலாவதியாகலாம், குடியுரிமை காலாவதியாகாது. இதற்கென்று பெரிய தொகை கேட்கும் ஏஜென்டுகள் இணையத்தில் உண்டு. பாட்டியின் பெயரும் ஊரும் தெரிந்த குடும்பத்துக்கு அவர்கள் தேவையே இல்லை.

இந்தியாவிலும் அயர்லாந்துப் பெயர் தாங்கிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருக்கின்றன. அயர்லாந்தில் பிறந்த தாத்தா, பாட்டி இருந்தால் விதி அவர்களுக்கும் அதேதான். ஆனால் ஒரு வித்தியாசம். அயர்லாந்து இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது; இந்தியா ஏற்பதில்லை. தாமாக முன்வந்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். பிரிட்டன்காரர் இரண்டு பாஸ்போர்ட்டையும் பையில் வைத்துக்கொள்வார். இந்தியர் ஒன்றைக் கீழே வைத்தாக வேண்டும்.

அயர்லாந்துக்குள்ளேயும் இதைப் பற்றி முணுமுணுப்பு உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. ஒரு காலத்தில் அந்த மண்ணில் பிறந்த எந்தக் குழந்தையும் குடிமகன்தான். 2004 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பு நடத்தி, ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் ஆதரவோடு அதை மாற்றினார்கள். 2005 முதல், வெளிநாட்டுப் பெற்றோருக்கு அங்கே பிறக்கும் குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவர் முந்தைய நான்கு வருடத்தில் மூன்று வருடமாவது சட்டப்படி வசித்திருந்தால்தான் பிறப்புரிமை. எனவே டப்ளினில் பிறந்து, டப்ளின் பள்ளியில் ஐரிஷ் மொழி படிக்கும் ஒரு சிறுமிக்குப் பிறவியிலேயே குடியுரிமை இல்லாமல் போகலாம். அந்த ஊரை வரைபடத்தில் தேட வேண்டிய சிகாகோ இளைஞனுக்குப் பாட்டியின் சான்றிதழ் போதும்.

அந்த இளைஞனுக்கும் ஒன்று கிடைக்காது. வெளிநாட்டில் நிரந்தரமாக வசிக்கும் குடிமக்களுக்கு அயர்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டு இல்லை. வாக்களிக்க ஆசைப்பட்டால் பாட்டி விட்டுப்போன ஊருக்கு அவன் குடிபோக வேண்டும்.